சூரியன் உதித்தபின் ஓங்கும் கை





திருவனந்தபுரம் நகரத்திலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது பொன்முடி மலை. கல்லாற்றைக் கடந்ததும் 22 கொண்டை ஊசி வளைவுகள். அடர்ந்த காடும் தேயிலைத் தோட்டங்களும் மாறி மாறி வரும். பிழைப்புக்காக நகரத்தில் வந்து குடியேறிய நம் சபைக் குடும்பங்கள் வாலிபர் முகாம்களுக்கு அங்கே போவதுண்டு. அப்படிப்பட்ட ஒரு முகாமில், வேதபாடம் முடிந்து கேள்வி நேரம் வந்தபோது, ஒரு வாலிபன் எழுந்து, "பாஸ்டர், இந்தக் காட்டில் சிறுத்தை பாய்ந்தால் அதைக் கொல்லலாமா?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். பின்வரிசையிலிருந்த ஒரு சகோதரி தாழ்ந்த குரலில், "மனுஷன் பாய்ந்தால்?" என்று கேட்டார்கள். அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

அந்த இரண்டு கேள்விகளுக்கும் இம்மாதம் பதில் தேடுவோம். முதலாவது எளிது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 11(2)-ஆம் பிரிவில், தன்னையோ பிறரையோ காப்பதற்காக நல்லெண்ணத்தோடு ஒரு வனவிலங்கைக் கொல்வது குற்றமாகாது என்று சொல்லுகிறது. ஆனால் அந்த வேளையில் அவன் அதே சட்டத்தை மீறிக்கொண்டிருந்தவனாயிருந்தால், உதாரணமாக, வேட்டையாடப் போனவனாயிருந்தால், இந்தப் பாதுகாப்பு அவனுக்கு இல்லை. 2022 செப்டம்பரில் இடுக்கி மாவட்டம் மாங்குளத்தில் தன்மேல் பாய்ந்த சிறுத்தையை ஒரு மலைவாசி கத்தியால் வெட்டிக் கொன்றார். அது தற்காப்பு என்று ஏற்கப்பட்டு, அவர்மேல் வழக்கு தொடரப்படவில்லை.

இரண்டாவது கேள்வியே பாரமானது. பாய்ந்தவன் தேவ சாயலில் படைக்கப்பட்ட மனுஷன்.

சட்டம் என்ன சொல்லுகிறது?

2024 ஜூலை 1 முதல், பழைய இந்திய தண்டனைச் சட்டத்திற்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. பழைய சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த தற்காப்புப் பிரிவுகள், புதியதில் 34 முதல் 44 வரை வைக்கப்பட்டிருக்கின்றன. எண்கள் மாறின, சாரம் பெரும்பாலும் மாறவில்லை. தற்காப்பு உரிமையின்படி செய்யப்படும் எதுவும் குற்றமல்ல என்பது அதன் தொடக்கம். உன் சரீரத்தை மாத்திரமல்ல, வேறொருவருடைய சரீரத்தையும் நீ காக்கலாம்.

தாக்குகிறவனுடைய உயிரே போகும் அளவுக்குப் பலத்தைப் பயன்படுத்துவதை 38-ஆம் பிரிவு ஏழு சந்தர்ப்பங்களில் அனுமதிக்கிறது. அவை: தடுக்காவிட்டால் மரணம் நேரிடும் என்ற நியாயமான அச்சம், கொடுங்காயம் நேரிடும் என்ற நியாயமான அச்சம், பாலியல் வல்லுறவு நோக்கத்தோடு வரும் தாக்குதல், இயற்கைக்கு மாறான இச்சையைத் தீர்க்க வரும் தாக்குதல், ஆள்கடத்தும் நோக்கத்தோடு வரும் தாக்குதல், அதிகாரிகளின் உதவியை நாட முடியாதபடி அடைத்துவைக்க வரும் தாக்குதல், அமிலம் வீசுதல் அல்லது வீச முயலுதல். இந்த ஏழாவது 2013-ஆம் ஆண்டில்தான் சட்டத்தில் சேர்க்கப்பட்டது.

ஆபத்தில் இருக்கிறவன் கோழையைப்போல் ஓடியே ஆகவேண்டும் என்று சட்டம் எதிர்பார்ப்பதில்லை என்பதை உச்ச நீதிமன்றம் 2010-ஆம் ஆண்டு தர்ஷன் சிங் வழக்கில் விளக்கியிருக்கிறது. அதற்கு வெகுகாலம் முன்பே, 1950-இல் கட்னி நகரக் கலவரத்தில் ஒரு கூட்டம் அம்ஜத் கான் என்பவருடைய கடைக் கதவைத் தடிகளால் அடித்தபோது அவர் சுட்டார், ஒருவர் இறந்தார். கதவு உடைந்து கூட்டம் உள்ளே வரும்வரை அவர் காத்திருக்க வேண்டியதில்லை என்றும், உயிருக்குப் பயந்தவன் கொடுத்த அடியைப் பொன் நிறுக்கும் தராசில் வைத்து நிறுக்கக் கூடாது என்றும் உச்ச நீதிமன்றம் 1952-இல் கருதி அவரை விடுவித்தது.

இரவும் பகலும்

அன்பானவர்களே, இவ்விடத்தில் வேதாகமத்தைத் திறந்து யாத்திராகமம் 22:2,3 வசனங்களை வாசியுங்கள். இருளில் கன்னமிட்டு நுழையும் திருடன் அடிபட்டு இறந்தால், அடித்தவன்மேல் இரத்தப்பழி இல்லை. சூரியன் உதித்தபின் அப்படி நடந்தாலோ இரத்தப்பழி உண்டு. திருடன் ஒருவனே, வீடு ஒன்றே. ஆயினும் நியாயத்தீர்ப்பு வேறு. ஏன்? இருளில், வந்தவன் பொருளைத் தேடி வந்தானா உயிரைத் தேடி வந்தானா என்று வீட்டுக்காரனுக்குத் தெரியாது. கூப்பிட்டாலும் அயலார் வர நேரமாகும். பகலிலோ அவன் முகம் தெரியும், துணைக்கு ஆள் வரும், நியாயாதிபதியிடம் அவனைக் கொண்டுபோகலாம்.

நம் தேசத்துச் சட்டமும் இதே எல்லையில்தான் நிற்கிறது. பொருளைக் காப்பதற்காக உயிர்ச்சேதம் வரை போகலாம் என்பதற்கு 41-ஆம் பிரிவு சில சந்தர்ப்பங்களையே சொல்லுகிறது: கொள்ளை, சூரியன் மறைந்தபின் உதிக்குமுன் வீடு உடைத்தல், மனிதர் குடியிருக்கும் இடத்துக்குத் தீயோ வெடிபொருளோ வைத்தல், மரணமோ கொடுங்காயமோ நேரிடும் என்ற அச்சத்தை உண்டாக்கும் திருட்டு, நாசம், அத்துமீறல். பகலில் கைப்பேசியைப் பறித்துக்கொண்டு ஓடுகிற பையனைத் துரத்திப் பிடித்துக் கூட்டமாய்ச் சேர்ந்து அடித்துக் கொல்வது இவற்றில் எதிலும் சேராது. அது கொலை. அந்தக் கூட்டத்தில் ஒரு விசுவாசியின் கை இருந்தாலும் அது கொலையே.

சூரியன் வானத்தில் மாத்திரம் உதிப்பதில்லை. ஆபத்து நீங்கும் நொடியில் அந்தச் சண்டையிலும் சூரியன் உதித்துவிடுகிறது. சரீரத்தைக் காக்கும் உரிமை, நியாயமான அச்சம் உண்டாகும் நொடியில் தொடங்கி, அந்த அச்சம் இருக்கும்வரை மாத்திரம் இருக்கும் என்று 40-ஆம் பிரிவு சொல்லுகிறது. ஒரு நிலத்தகராறில் எழுந்த ஜெய்தேவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1962-இல் இதையே வற்புறுத்தியது. அச்சத்திற்குக் காரணமானது விலகிவிட்டால் தற்காப்பு உரிமையும் அங்கே முடிகிறது. புறமுதுகிட்டு ஓடுகிறவனைச் சுடுவது தற்காப்பல்ல. முதல் அடி உயிரைக் காத்திருக்கலாம். அவன் விழுந்தபின் கொடுக்கும் பத்தாவது அடி பழிவாங்குதல். பழிவாங்குதல் தேவனுடையது என்பதை ரோமர் 12-ஆம் அதிகாரத்தில் அறிந்திருக்கிறோம்.

ஒரே மாதத்தில் இரண்டு சம்பவங்கள்

2012 பிப்ரவரியில் மதுரையில் ஒரு தாய், குடிவெறியில் சொந்த மகளையே கெடுக்க முற்பட்ட தன் கணவனைக் கிரிக்கெட் மட்டையால் அடித்தார். அவன் இறந்துபோனான். அப்போது மாவட்டக் காவல் கண்காணிப்பாளராயிருந்த அஸ்ரா கார்க், இது தற்காப்பு உரிமைக்கு உட்பட்டது என்று கண்டு, அந்தத் தாயைச் சிறைக்கு அனுப்பாமல் விடுவித்தார். 2021 ஜனவரியில் திருவள்ளூர் மாவட்டம் சோழவரத்திலும் இப்படியே நடந்தது. கத்தியைக் காட்டி வல்லுறவுக்கு முயன்றவனை 19 வயதுப் பெண் ஒருவர் அவனுடைய கத்தியாலேயே குத்தினார், அவன் இறந்தான். அவர் தாமே காவல் நிலையம் சென்று நடந்ததைச் சொன்னார். அவரையும் காவல்துறை தற்காப்பின் அடிப்படையில் விடுவித்தது.

மதுரையில் அது நடந்த அதே 2012 பிப்ரவரியில், 15-ஆம் தேதி, கேரளக் கரையிலிருந்து ஏறக்குறைய 20 கடல் மைல் தொலைவில், என்ரிகா லெக்ஸி என்னும் இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் காவலிருந்த கடற்படை வீரர்கள், செயின்ட் ஆண்டனி என்ற மீன்பிடிப் படகின்மேல் சுட்டார்கள். இரண்டு மீனவர் மாண்டார்கள். ஒருவர் கொல்லத்தைச் சேர்ந்தவர், மற்றவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பிள்ளை. கடற்கொள்ளையர் என்று எண்ணியே சுட்டதாக வீரர்கள் தரப்பில் சொல்லப்பட்டது. அவர்களுக்குச் சட்ட விலக்கு உண்டு என்றும், இந்தியாவுக்கு இழப்பீடு தரவேண்டும் என்றும் சர்வதேசத் தீர்ப்பாயம் 2020-இல் முடிவு செய்தது. 10 கோடி ரூபாய் இழப்பீட்டின்மேல் உச்ச நீதிமன்றம் 2021 ஜூனில் வழக்கை முடித்து வைத்தது. அந்த அச்சம் நியாயமானதுதானா என்ற கேள்வி நம் தேசத்து நீதிமன்றத்தில் சாட்சிகளைக் கொண்டு விசாரிக்கப்படவே இல்லை.

இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். தாய் தன் கண்ணெதிரே நடப்பதைத் தடுத்தார். படகில் இருந்தவர்களோ மீன் பிடிக்கப் போனவர்கள். பயந்தேன் என்று சொன்னால் மாத்திரம் போதாது. அந்த இடத்தில் நின்ற எந்த நிதானமுள்ள மனிதனும் பயந்திருப்பான் என்று சொல்லத்தக்க காரணம் வேண்டும். அறிமுகமில்லாத பாஷை, அழுக்கான சட்டை, வேறு மாநிலத்து முகம் இவை காரணமாகா. நகரத்தில் அந்நியராய் வாழும் நாம் இதை மற்றவர்களைவிட நன்றாய் அறிவோம். நம்மையும் சந்தேகத்தோடு பார்த்த கண்கள் உண்டு அல்லவா?

கன்னத்தைத் திருப்பிக் காட்டுதல்

"ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தைக் காட்டும்படி ஆண்டவர் சொன்னாரே?" என்று கேட்பீர்கள். ஆம், சொன்னார். கன்னத்தில் அறைவது அவமானம். அதைச் சகித்துக்கொள்ள நாம் அழைக்கப்பட்டிருக்கிறோம். கழுத்துக்கு வரும் கத்தி அவமானமல்ல. மேலும், என் கன்னத்தைத் திருப்பிக் காட்ட எனக்கு அதிகாரம் உண்டு. என் பிள்ளையின் கன்னத்தைத் திருப்பிக் காட்ட எனக்கு அதிகாரம் இல்லை. நெகேமியாவின் நாட்களில் அலங்கம் கட்டினவர்கள் ஒரு கையில் வேலையும் மறு கையில் ஆயுதமுமாய் நின்றது தங்கள் வீட்டாரைக் காப்பதற்கே.

சபை மூப்பர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. குடித்துவிட்டு அடிக்கிற கணவனைக் குறித்துக் கண்ணீரோடு வரும் சகோதரியிடம், "பொறுத்துக்கொள், ஜெபி" என்று மாத்திரம் சொல்லி அதே வீட்டுக்கு அனுப்பிவிடாதிருங்கள். ஜெபியுங்கள், அதோடு அவர்களுக்கு ஒரு பாதுகாப்பான இடத்தையும் ஆயத்தம் பண்ணுங்கள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது; 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரமிருந்தால் தற்காப்பு உரிமை இல்லை என்று 37-ஆம் பிரிவு சொல்லுகிறது. அந்த நேரம் இருக்கும்போதே நாம் உதவிசெய்தால், ஒரு தாய் மட்டையை எடுக்க வேண்டிய இரவு வராமலே போகும். அப்படிப்பட்ட இரவைக் கடந்து வந்த ஒரு சகோதரி உங்கள் சபையில் இருந்தால், சட்டம் சுமத்தாத பழியை நீங்கள் அவர்கள்மேல் சுமத்தாதிருங்கள்.

வாலிபருக்கும் ஒரு வார்த்தை. தலையணைக்கடியில் அரிவாளை வைத்துக்கொண்டு, பகைவன் வரட்டும் என்று காத்திருப்பவன் தற்காத்துக்கொள்கிறவன் அல்ல. பேதுரு பட்டயத்தை உருவி மல்குஸின் காதை வெட்டினபோது, ஆண்டவர் பேதுருவைத் தடுத்து அந்தக் காதைச் சொஸ்தமாக்கினார். சட்டம் இந்த உரிமையைத் தருகிறதேயன்றி, கொன்றே தீரவேண்டும் என்று ஒருவனுக்கும் கட்டளையிடவில்லை. தன் உயிரே போனாலும் பிறன் உயிரை எடுக்கமாட்டேன் என்று தேவனுக்கு முன்பாகத் தீர்மானித்தவரையும் நாம் கனம்பண்ணுவோம்.

நடந்துவிட்டால்?

தேவன் உங்களை அப்படிப்பட்ட சோதனைக்கு விலக்கிக் காப்பாராக. ஆயினும் நேரிட்டால், ஓடி ஒளியாதிருங்கள். 112-ஐ அழையுங்கள். 108 ஆம்புலன்ஸை வரவழையுங்கள். ஆபத்து நீங்கிய அடுத்த நொடியில் உங்கள் முன்பாகக் கிடப்பவன் காயப்பட்ட ஒரு மனுஷன். அவனைப் பிழைக்கவைக்க நீங்கள் எடுக்கும் முயற்சி கிறிஸ்தவ அன்பு. உங்கள் நோக்கம் கொல்வதல்ல, தடுப்பதே என்பதற்கு அது சாட்சியும்கூட. இடத்தைக் கழுவாதிருங்கள், பொருட்களை மாற்றிவைக்காதிருங்கள். உங்கள் உடலிலுள்ள காயங்களை மருத்துவரிடம் காட்டிப் பதிவு செய்யுங்கள். வழக்கறிஞரை நாடுங்கள், உண்மையையே சொல்லுங்கள்.

எல்லா வழக்கும் காவல் நிலையத்திலேயே முடிந்துவிடும் என்று எண்ணவேண்டாம். தற்காப்பு என்று சொல்லுகிறவரே அதைக் காட்ட வேண்டும் என்பது சாட்சியச் சட்டத்தின் விதி. ஆனால் சந்தேகத்துக்கிடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. அப்படி நடந்திருப்பதே அதிக சாத்தியம் என்று காட்டினால் போதும். உரிமையின் எல்லையை நல்லெண்ணத்தோடு, முன்திட்டமின்றி, தேவைக்கு மிஞ்சிய தீங்கு செய்யும் எண்ணமின்றிக் கடந்திருந்தால், 101-ஆம் பிரிவின் விலக்கின்படி அது கொலையாக எண்ணப்படாது. ஆனாலும் தண்டனைக்குரிய குற்றமே. மோசேயின் நாட்களில், அறியாமல் ஒருவனைக் கொன்றவனும் அடைக்கலப்பட்டணத்துக்கு ஓடிப்போய், சபையின் நியாய விசாரணைக்கு முன்பாக நிற்கவேண்டியிருந்தது. சிந்தப்பட்ட எந்த இரத்தமும் விசாரிக்கப்படாமல் போகக்கூடாது என்பதே அங்கும் இங்கும் நியதி.

இந்த மாதம் ஒரு மாலையில் குடும்ப ஜெபம் முடிந்தபின், யாத்திராகமம் 22:2,3 வசனங்களைப் பிள்ளைகளோடு வாசித்து இதைப் பேசுங்கள். பெண்பிள்ளைகளுக்கு, தங்களைக் காத்துக்கொள்வது பாவமல்ல என்று சொல்லிக்கொடுங்கள். ஆண்பிள்ளைகளுக்கு, சூரியன் உதித்தபின் ஓங்கின கையைத் தாழ்த்தக் கற்றுக்கொடுங்கள்.

இரவின் பயங்கரத்திற்கு உங்களை விலக்கிக் காக்கிற கர்த்தர்தாமே உங்கள் வீடுகளையும், போக்கையும் வரத்தையும் காத்து ஆசீர்வதிப்பாராக. ஆமென்.