மெலிந்த உடலில் இத்தனை கொழுப்பா?

எடை சரியாக இருக்கையில் கொழுப்பு மட்டும் எவ்வாறு 30 சதவீதம் ஆகும், கருவி பழுதோ என்று சென்னீர்குப்பம், பூந்தமல்லிப் பகுதிகளிலிருந்து வருவோர் பலர் வினவுகின்றனர். ஐயத்தில் ஓரளவு நியாயம் உண்டு. ஏறி நின்று அளக்கும் கருவி கொழுப்பை நேரடியாக அளப்பதில்லை. மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தி, அது உடலில் பாயும் எளிமையைக் கொண்டு கணிக்கிறது. வெயிலில் வியர்த்து, நீர் அருந்தாமல் வந்து நின்றால் கொழுப்பு மிகுதியாகத் தோன்றும். ஆகவே காலையில், வெறும் வயிற்றில், அதே கருவியில் மீண்டும் அளந்து பாருங்கள்.

மறுமுறையும் அதே அளவு வந்தால் கருவியைக் குறை கூறுவதை நான் ஏற்பதில்லை. 2004-இல் புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் இலண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் தங்கள் அளவுகளையே லான்செட் இதழில் வெளியிட்டனர். உயரத்திற்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3. கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. முன்னவர் மாரத்தான் ஓடுபவர். பின்னவர் ஓடுவது, மருத்துவமனை லிஃப்ட் மூடுமுன் அதைப் பிடிப்பதற்கே என்று அக்கட்டுரையே நகைச்சுவையாகக் குறிப்பிடுகிறது. யாக்னிக் குறைந்த எடையுடன் பிறந்தவர் என்பதும் அதில் உண்டு.

நம்மவரில் பலர் யாக்னிக்கைப் போன்றவர்களே. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரை எட்டினால், எடை எதுவாயினும் இரத்தச் சர்க்கரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அதற்காகப் பட்டினி கிடக்க வேண்டா. மெலிந்தவர் பட்டினி கிடந்தால் தசையும் சேர்ந்தே கரையும்.