பௌத்தாலயஞ் செல்லுஞ் சைவர் செயற்பாலது யாது?

வெம்பாக்கம், ஆரணி முதலிய நெசவூர்களினின்றும் காசியாத்திரை போதருஞ் சைவ நன்மக்கள் பலர். அன்னோர் காசிக்கு ஏறக்குறைய 10 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சாரநாதத்தையும், கயையில் நீர்க்கடன் முடித்தபின் அதற்குத் தெற்கேயுள்ள புத்தகயை மகாபோதி ஆலயத்தையும் ஒருங்கே கண்டு மீள்வர். காண்டல் குற்றமன்று. திருநீறணிந்த நெற்றியினராய்ப் புத்தர் திருவுருவின் முன்னின்று, மகப்பேறுந் தறித்தொழிற் பெருக்கமும் வேண்டிக் காணிக்கையிட்டு, "எல்லாத் தெய்வமும் ஒன்றே" எனக் கூறி மீள்வார் சிலர் உளரே. அவர் செயலே ஈண்டு ஆராயற்பாலது.

அவ்வுரை பெருந்தன்மைபோலத் தோன்றினும் இரு சமயங்களையும் அறியாமையின் விளைவேயாம். என்னை? உலகினைப் படைத்துக் காத்தழிக்கும் இறைவன் ஒருவன் உளனென்பது பௌத்தர்க்கு உடன்பாடன்று. நிலைபேறுடைய ஆன்மாவும் இல்லை; உருவம், வேதனை, குறிப்பு, பாவனை, விஞ்ஞானம் என்னும் ஐங்கந்தங்களின் தொகுதியே உயிரெனப்படுவது என்பது அவர் துணிபு. புத்தர் வழிகாட்டிய ஆசிரியரேயன்றி வரமருளுந் தெய்வமல்லர் என்பர் தேரவாதிகள். மகாயானத்தார் போதிசத்துவரை வேண்டுவரேனும், உலகிற்கு முதல்வராக அவரைக் கொள்ளார். ஆகலின் ஆண்டுச் சென்று மகவு வேண்டுஞ் சைவன், புத்தர் நெறியையும் அறிந்திலன். பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளுண்மையினின்றும் வழுவினான்.

அற்றேல், எத்தெய்வத்தை வழிபடினும் ஆண்டு வெளிப்பட்டுப் பயனளிப்பவன் சிவபெருமானே என்பது சிவஞான சித்தியார் கருத்தன்றோ எனின், அஃதுண்மையே. அஃது அப்பெருமானது அருளின் பரப்பை உணர்த்திற்றேயன்றி, மெய்ப்பொருளை அறிந்தோன் வேறிடந்தொறும் வரம் நாடித் திரிக என விதித்ததன்று. அந்நூலாசிரியராகிய அருணந்தி சிவாசாரியாரே, பரபக்கத்தில் சௌத்திராந்திகர், யோகாசாரர், மாத்தியமிகர், வைபாடிகர் என்னும் நால்வகைப் பௌத்தர் கொள்கைகளையும் முதற்கண் எடுத்துரைத்துப் பின்னர் மறுத்தருளினார். வேற்றுமை இல்லையேல் அம்மறுப்பு எற்றுக்கு?

இனிச் சாக்கிய நாயனாரைச் சான்று காட்டுவாரும் உளர். சங்கமங்கையிற் றோன்றிக் காஞ்சியை அடைந்து புத்தநெறி புக்க அவர், சிவமே பொருளெனத் தெளிந்த பின்னரும் சீவர ஆடையைக் களைந்திலர். நாடோறும் சிவலிங்கத்தின்மீது கல்லெறிந்தன்றி உணவு கொண்டிலர். அவர் பூண்டது புத்தவேடம், நினைந்தது சிவபெருமானை. இவரோ பூண்பது சிவவேடம், வேண்டுவது பிறரை. தலைகீழான இதற்கு அவர் சான்றாதல் யாங்ஙனம்?

இதுகொண்டு பௌத்தாலயங்களை இகழ்தலும், ஆண்டுச் சென்று நகையாடலுஞ் சைவமென மயங்கற்க. சிவபாதசேகரன் எனப் பெயர்பூண்ட முதலாம் இராசராசன், நாகபட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்குத் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரை இறையிலியாக வழங்கினான். ஏறத்தாழ 640இல் காஞ்சிக்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், ஆண்டு நூறளவான விகாரங்களையும் பதினாயிரம் துறவிகளையுங் குறித்துள்ளார். அவை மறைந்தமைக்குச் சைவர் செருக்குறுதல் வேண்டா. வாதத்தால் வெல்லுதல் வேறு, இழித்துரைத்தல் வேறு. மகாபோதி ஆலயமோ நெடுங்காலம் சைவ மகந்துகள் பொறுப்பிலிருந்து, 1949ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்துக்களும் பௌத்தருங் கூடிய குழுவின்கீழ் வந்தது. அதுபற்றிய பௌத்தர் மனக்குறை இன்னும் ஆறிற்றில்லை. ஆகலின் ஆண்டுச் செல்லுஞ் சைவனது சிறு பிழையும் சைவத்தின் பிழையாகவே எண்ணப்படும்.

அற்றாகச் செயற்பாலது யாதெனின்: பாதரட்சை நீக்கி, வாயடங்கிப் புகுக, தியானத்திலிருப்போர்க்கு இடையூறு செய்யற்க, கொலை மறுத்த சான்றோரென்னும் மதிப்பொடு புத்தரைக் காண்க, வரம் வேண்டற்க, உள்ளத்தே திருவைந்தெழுத்தை மறவற்க. செல்லுமுன் பரபக்கத்தைத் தக்க ஆசிரியர்பாற் கேட்டல் இன்னும் நன்று.

குரங்கணில்முட்டமும் திருவோத்தூரும் வெம்பாக்கத்தார்க்கு அண்மையிலுள்ள பாடல்பெற்ற தலங்கள். அவற்றை ஒருகாலுந் தொழாது, கயைகடந்து சென்று காணாத தெய்வத்தினிடத்து வரங்கேட்போர்க்கு வேண்டுவது நெடும்பயணமன்று. தம் சமயத்தை அறியும் அறிவேயாம்.

திருச்சிற்றம்பலம்.