மக்தபில் குறையும் பிள்ளைகள்: ஜமாஅத்துகள் எண்ணிப் பார்க்கட்டும்



நாட்றம்பள்ளி, வாணியம்பாடி, ஆம்பூர் வட்டாரத்து மக்தப் உஸ்தாதுகள் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது. பிள்ளைகள் குறைந்துவிட்டனர். ஒரே வீட்டிலிருந்து அண்ணன், தம்பி, தங்கை என மூவரும் நால்வரும் காயிதாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்த காலம் போய், வீட்டுக்கு ஒருவர் அல்லது இருவர் என்றாகிவிட்டது. காரணம் கேட்டால் கைப்பேசி என்பார் ஒருவர். டியூஷன் என்பார் மற்றொருவர். காலை ஏழரை மணிக்கே வாசலில் வந்து நிற்கும் பள்ளிக்கூட வேன் என்பார் இன்னொருவர். இவை மூன்றும் உண்மையே. எனினும் இவற்றுக்கெல்லாம் முந்திய காரணம் ஒன்று உண்டு. பிறக்கும் பிள்ளைகளே குறைந்துவிட்டனர். வராத பிள்ளைகளில் ஒரு பகுதியினர் வர மறுத்தவர்கள் அல்லர், பிறக்காதவர்கள்.

ஒரு தலைமுறை தன் இடத்தைத் தானே நிரப்ப வேண்டுமானால், ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 பிள்ளைகள் பிறக்க வேண்டும் என்பது மக்கள்தொகை அறிஞர்களின் கணக்கு. தமிழகம் இந்த அளவை 2000-ஆம் ஆண்டை ஒட்டியே தொட்டுவிட்டது. மத்திய அரசின் மாதிரிப் பதிவுக் கணக்கின்படி 2020-இல் அது 1.4 ஆகக் குறைந்தது. 2001-இல் 6.24 கோடியாக இருந்த தமிழக மக்கள்தொகை 2011-இல் 7.21 கோடியாயிற்று. ஆனால் ஆறு வயது வரையுள்ள குழந்தைகள் ஏறத்தாழ 72 லட்சத்திலிருந்து 74 லட்சமாக மட்டுமே உயர்ந்தனர். ஊர் பெருத்தது, தொட்டில்கள் பெருகவில்லை. இருநூறுக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் ஒரு மாணவரும் இல்லை என்ற செய்தி 2025-இல் வெளியானபோது பலர் திகைத்தனர். அதற்கு ஆங்கில வழித் தனியார் பள்ளி மோகமும் இடப்பெயர்வும் காரணங்கள்தாம். என்றாலும், 2020-இல் பிறந்த பிள்ளைதானே 2025-இல் பள்ளி வாசலுக்கு வரும்?

"இது மற்றவர்களின் கதை, நம் சமுதாயத்தில் அப்படியில்லை" என்று நம்மில் சிலர் பெருமையாகவும், நம்மை வெறுப்போர் குற்றச்சாட்டாகவும் சொல்வதுண்டு. இருவரும் பழைய கணக்கைக் கையில் வைத்திருக்கின்றனர். தேசியக் குடும்பநல ஆய்வின்படி 1992-93-இல் இந்திய முஸ்லிம் பெண்ணுக்குச் சராசரியாக 4.4 பிள்ளைகள், 2019-21-இல் 2.36. இந்துப் பெண்களுக்கு இதே காலத்தில் 3.3 என்பது 1.94 ஆயிற்று. இரண்டுக்கும் இடையிலான இடைவெளி பாதிக்கும் கீழே சுருங்கிவிட்டது. இது இந்தியா முழுமைக்கும் உள்ள சராசரி. தமிழக மக்கள்தொகையில் நம் பங்கு 2001-இல் 5.56 சதவீதம், 2011-இல் 5.86 சதவீதம். பத்தாண்டுகளில் ஏறியது இவ்வளவுதான். ஈரானில் 1980-களின் தொடக்கத்தில் ஒரு பெண்ணுக்கு ஆறுக்கும் மேல் இருந்த எண்ணிக்கை, இருபதே ஆண்டுகளில் இரண்டை ஒட்டி வந்துவிட்டது. பெண்பிள்ளைகள் படித்து, கைக்குழந்தைகள் இறப்பது குறைந்த இடங்களில் எல்லாம் இது நடந்திருக்கிறது. எந்த மார்க்கத்தாரும் இதற்கு விதிவிலக்கல்லர்.

2024 அக்டோபரில் ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு அதிகப் பிள்ளைகள் பெறுங்கள் என்றார். அதே வாரத்தில் அப்போது தமிழக முதலமைச்சராக இருந்த மு.க.ஸ்டாலினும் ஒரு திருமண விழாவில் பதினாறு செல்வங்களைப் பற்றிப் பேசி, தொகுதி மறுவரையறையைச் சுட்டிக்காட்டினார். நாடாளுமன்ற இடங்களுக்காக எந்தத் தாயும் பிள்ளை பெறப்போவதில்லை. நம் மேடைகளிலும் சிலர் பெண்களைப் பார்த்து இதே அறிவுரையைக் கூறுகின்றனர். பிள்ளைச் செல்வம் அல்லாஹ்வின் அருட்கொடை என்பதிலோ, வறுமைக்கு அஞ்சிச் சிசுவைக் கொல்வது பெரும்பாவம் என்பதிலோ நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் நபித்தோழர்கள் 'அஸ்ல்' செய்துவந்தனர் என்றும், அது தடுக்கப்படவில்லை என்றும் ஜாபிர் (ரழி) அவர்கள் அறிவித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. பாலூட்டலுக்கு முழுமையாக இரண்டு ஆண்டுகள் என்று திருக்குர்ஆன் கூறுவதும் நாம் அறிந்ததே. கணவனும் மனைவியும் கலந்து முடிவெடுக்க இடமுள்ள ஒன்றை, மிம்பரில் நின்று பெண்கள்மேல் குற்றமாகச் சுமத்துவது அழகன்று.

மேலும், நம் வட்டாரத்தில் பிள்ளைகள் குறைவதற்கான காரணங்களில் பல பெண்கள் கையில் இல்லை. ஷூ கம்பெனிப் பேருந்துகள் விடியலிலேயே ஊர் ஊராக வந்து பெண்களை ஏற்றிச் செல்கின்றன. தன் கல்யாணச் செலவுக்குத் தானே உழைத்துச் சேர்க்கும் பெண்ணுக்கு நிகாஹ் தள்ளிப்போகிறது. அவள் சேர்ப்பது எதற்கு? கைக்கூலிக்கும் சீர்வரிசைக்கும் மண்டபத்துக்கும்தான். மஹரைக் கொடுக்க வேண்டியவன் வாங்குபவனாகிவிட்டான். அந்த நிகாஹையும் நம் தஃப்தரில்தான் எழுதுகிறோம்! பிறகு பிரசவம். தமிழகத்தில் நூற்றில் 45 பிரசவங்கள் சிசேரியன் என்கிறது 2019-21 ஆய்வு. இரண்டு முறை வயிற்றைக் கிழித்த பின் மூன்றாவதற்கு அஞ்சாதார் யார்? அதற்குப் பின் வேன் கட்டணமும் பள்ளிக் கட்டணமும். கணவன் பெங்களூரிலோ வளைகுடாவிலோ இருக்கிறான். அவன் அனுப்பும் தொகையை இரண்டாகப் பங்கிடலாம், நான்காகப் பங்கிட இயலாது. பிள்ளைகளைப் பெருக்கச் சொல்லும் ஜமாஅத், முதலில் கைக்கூலி வாங்கிய நிகாஹுக்குத் தஃப்தரைத் திறக்க மறுக்கட்டும். அதைச் செய்யத் துணிவில்லாதவர்கள் மற்றதைப் பேசாதிருத்தல் நலம்.

அடுத்து நாம் சொல்லவிருப்பது பலருக்குக் கசக்கலாம். பிள்ளைகள் குறையக் குறைய நம் மஹல்லாக்களில் கட்டடங்கள் பெருகுகின்றன. மக்தபுக்கு மேல்தளம் எழுப்ப வசூல் நடக்கிறது. கீழ்த்தளத்திலோ பாதிப் பாய்கள் விரிக்கப்படாமல் சுருண்டு கிடக்கின்றன. தோல் வணிகத்தில் பொருளீட்டிய நம் முன்னோர் காலத்தில்தான் 1919-இல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. 1924-இல் காக்கா முஹம்மது உமர் சாஹிப் உமராபாத்தில் ஜாமிஆ தாருஸ்ஸலாமை நிறுவினார். அன்று பிள்ளைகள் நிறைந்திருந்தனர், கற்பிக்க இடம் இல்லை, ஆகவே கட்டினார்கள். இன்று இடம் இருக்கிறது, அமர்வோர் குறைவு. அவர்களைப் பின்பற்றுவது என்றால் அவர்கள் கட்டியதைப் போலக் கட்டுவதா, அவர்கள் தம் காலத்தின் தேவையைப் பார்த்ததைப் போல நாமும் பார்ப்பதா?

பக்கத்துப் பக்கத்து மஹல்லாக்கள் தத்தம் மக்தபைச் சேர்த்து நடத்தலாம் என்பது நம் கருத்து. பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஓர் உஸ்தாத் என்று மூன்று இடங்களில் நடப்பதை, மூன்று உஸ்தாதுகளும் ஒரே இடத்தில் வயதுவாரியாகப் பிரித்து நடத்தினால் காயிதா ஓதும் பிள்ளையும் குர்ஆன் முடித்த பிள்ளையும் ஒரே பாயில் அமர்ந்து ஒருவரையொருவர் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இதில் உஸ்தாதுகளின் வயிற்றுப்பாடும் அடங்கியிருக்கிறது. இணைப்பு என்றவுடன் மூவரில் இருவரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று கணக்குப் போடும் நிர்வாகம், இதைத் தொடாமல் இருப்பதே மேல். மேல்தளத்துக்குத் திரட்டும் தொகையை மூவரின் சம்பளத்துக்கும், வெகுதொலைவிலிருந்து வரும் சிறுமிகளுக்கு ஓர் ஆட்டோவுக்கும் ஒதுக்க வேண்டும். ஆட்டோ இல்லாத இணைப்பினால் முதலில் நின்றுபோவது பெண்பிள்ளைகளின் ஓதல்தான்.

"எங்கள் பள்ளிவாசலின் பெயர் போய்விடுமே" என்பார்கள். பெயர் எங்கும் போகாது. ஐந்து வேளையும் பாங்கு ஒலிக்கிறதல்லவா? உருது வழிப் பள்ளிகளைக் காக்க வேண்டுமெனக் குரல் கொடுப்போரும் இதைச் சிந்திக்க வேண்டும். சேர்க்கைக் காலத்தில் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளைத் தேடுவது நல்ல முயற்சி. ஆனால் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று அறியாமல் தேடினால், ஒரு பள்ளியின் பிள்ளையை மற்றொரு பள்ளி பறிப்பதில்தான் அது முடியும்.

2021-இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போய், இப்போது 2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாக வைத்து அறிவிக்கப்பட்டுள்ளது. அதன் முடிவுகள் நம் மஹல்லா அளவில் கைக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இன்று அகீகா கொடுக்கப்பட்ட பிள்ளை ஐந்தாண்டுகளில் காயிதாவோடு வந்து நிற்கும். ஆகவே ஐந்தாண்டுக்குப் பின் மக்தபில் எத்தனை பேர் என்பதை இன்றே அறியலாம். ஷஅபான் மாதத்தில் சந்தா வாங்கச் செல்பவர் ஒரு குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லட்டும். வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர், மக்தப் வயதினர் எத்தனை பேர், அவர்களில் ஓத வருவோர் யார், வராதவர் எந்த நேரத்தில் வர இயலும் என்ற நான்கு கேள்விகள் போதும். ரமழான் விடுமுறையில் பக்கத்து மஹல்லா முத்தவல்லிகளோடு அமர்ந்து அந்தக் குறிப்பேடுகளை ஒப்பிட்டால், ஷவ்வாலில் எத்தனை இடத்தில் மக்தப் திறப்பது என்பதை முடிவு செய்துவிடலாம்.