ஓரத்தை வெட்டலாம், உள்ளே கை வைக்கக் கூடாது

பெங்களூருவில் எழுதப்படும் மென்பொருள்களில் பெயரோ முகவரியோ வாங்கும் இடமெல்லாம் ஒரு வேலை கட்டாயம்: முன்னும் பின்னும் ஒட்டிய இடைவெளியை நீக்குவது. பைத்தானில் அதற்கு ‘ஸ்ட்ரிப்’, ஜாவாஸ்கிரிப்டில் ‘டிரிம்’. தேவையான வேலைதான். கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டால் போதும், கணினிக்கு அது வேறு பெயர்.

ஆனால் எல்லா வெட்டும் ஒன்றல்ல. இணையப் பக்கத்திலிருந்து நகலெடுக்கும்போது சில நேரம் கூடவே வரும் ‘பிரியா இடைவெளி’யை (யூனிகோட் எண் 160) பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் நீக்கிவிடும். ஜாவாவின் டிரிம் நீக்காது. 2018இல் ஜாவா 11 கொண்டுவந்த ஸ்ட்ரிப்பும் நீக்காது.

அலுத்துப்போன நிரலாளர் சிலர், கண்ணுக்குத் தெரியாத குறிகள் அத்தனையையும் மொத்தமாக அழித்துவிடுகிறார்கள். கன்னடத்துக்கு அது பெருங்கேடு. ராஜ்குமார் என்று கன்னடத்தில் எழுதும்போது ‘ஜ்’க்குப் பின் அகலமே இல்லாத பிரிப்புக்குறி ஒன்று நிற்கிறது. அதை எடுத்தால் ‘க’ ஒத்தெழுத்தாகி ‘ஜ’வின் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும், பழகிய பெயர் சிதைந்துவிடும்.

தமிழுக்கும் இதே ஆபத்து உண்டு. ‘ரிக்‌ஷா’வில் அந்தக் குறி போனால் ‘ரிக்ஷா’.

ஓரங்களில் தாராளமாக வெட்டட்டும். சொல்லுக்குள் இருப்பதை, அந்த மொழி படிக்கத் தெரிந்தவரைக் கேட்காமல் தொடக் கூடாது. பெங்களூரு நிறுவனங்கள் தங்கள் சோதனைப் பட்டியலில் ஆங்கிலப் பெயர்களோடு ராஜ்குமாரைக் கன்னட எழுத்திலும் சேர்க்க வேண்டும். ஒரே ஒரு வரிதான். நிரல் வெளியாகும் முன்பே பிழை தெரிந்துவிடும்.