‘என் மனு என்னாச்சு?’ உதவித்தொகைக்கு அலையும் தாம்பரம் ஏழைகள்: எங்கே சிக்குது ஃபைல்?

தாம்பரம்:

கையில் ஒரு மஞ்சப்பை. உள்ளே ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் ஜெராக்ஸ், போட்டோ. தாம்பரம், பல்லாவரம், வண்டலூர் என்று எந்த தாலுகா ஆபீசுக்குப் போனாலும் காலை 10 மணிக்கே இந்தப் பைகளோடு வயதானவர்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். பலரும் கேட்பது ஒரே கேள்விதான். “என் மனு என்னாச்சு?”

முதியோர் உதவித்தொகை, விதவை உதவித்தொகை, கைவிடப்பட்ட பெண்களுக்கான உதவித்தொகை, மாற்றுத்திறனாளி உதவித்தொகை. பெயர் வேறு வேறு என்றாலும் மனு போகும் பாதை ஏறக்குறைய ஒன்றுதான். அந்தப் பாதை தெரியாததால்தான் பாதி அலைச்சல்.

யார் கையில் முடிவு?

வார்டு கவுன்சிலரைப் பார்த்தால் வேலை முடியும் என்று நினைக்கிறவர்கள் அதிகம். 2021 நவம்பரில் ஐந்து நகராட்சி, ஐந்து பேரூராட்சிகளைச் சேர்த்து தாம்பரம் மாநகராட்சி வந்தது. 70 வார்டுக்கும் கவுன்சிலர் உண்டு. ஆனால் உதவித்தொகைக்கும் மாநகராட்சிக்கும் சம்பந்தமே இல்லை. இது வருவாய்த் துறை சமாசாரம்.

இ-சேவை மையத்தில் மனு பதிவானதும் அது கிராம நிர்வாக அதிகாரியிடம் (வி.ஏ.ஓ.) போகும். அவர் விசாரித்து எழுதுவார். அடுத்து வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.). கடைசியில் கையெழுத்துப் போடுவது சமூகப் பாதுகாப்புத் திட்ட தனி தாசில்தார். இவர் வேறு, பட்டா விஷயம் பார்க்கும் தாசில்தார் வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் வேறு அறை வாசலில் அரை நாள் காத்திருந்து திரும்புகிறவர்களும் உண்டு.

மனுவின் தலையெழுத்தை உண்மையில் தீர்மானிப்பது முதல் படிதான். வி.ஏ.ஓ. என்ன எழுதுகிறாரோ அதைத்தான் மேலே இருப்பவர்கள் பார்க்கிறார்கள். சிட்லபாக்கம், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் எல்லாம் இன்றைக்கும் பேருக்கு வருவாய் கிராமங்கள். ஆனால் வயல் இருந்த இடத்தில் அபார்ட்மெண்ட்டும் வாடகை போர்ஷனும் வந்து எத்தனையோ வருஷம் ஆச்சு. ஒரு கிராமத்து ஜனத்துக்கு என்று வைத்த பதவியில் இருப்பவர் ஒரு சின்ன டவுனையே பார்க்க வேண்டியிருக்கிறது. சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா விசாரணை, வெள்ளக் கணக்கு, தேர்தல் வேலை எல்லாம் அதே ஆள் தலையில். 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வந்தபோது முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தண்ணீர் வடியும் வரை வருவாய்த் துறையில் வேறு வேலை ஓடியிருக்குமா?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பீர்க்கன்காரணையில் வாடகைக்கு இருக்கும் 66 வயது பாட்டி என்று வைத்துக் கொள்வோம். பகலில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போய்விடுவார். விசாரணைக்கு ஆள் வரும்போது வீட்டுக் கதவில் பூட்டு. பக்கத்து போர்ஷன்காரர் புதுசு, பாட்டி யாரென்றே தெரியாது. ‘மனுதாரர் முகவரியில் இல்லை’ என்று எழுதினால் ஃபைல் அதோடு படுத்துவிடும். பாட்டிக்கு விஷயம் தெரிய மாசக்கணக்கு ஆகும்.

‘புள்ள இருக்கான்ல?’

அதிகம் பேரைக் கவிழ்ப்பது இந்த ஒரு கேள்விதான். ‘ஆதரவற்றவர்’ என்பது இந்தத் திட்டத்தின் அடிப்படை. வயது வந்த மகன் இருந்தால் அவன் பார்த்துக் கொள்வான் என்று அரசு நினைக்கிறது. மகன் ஒரகடம் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலையில் இருக்கலாம். குடித்துவிட்டு வீட்டுப் பக்கமே வராமல் இருக்கலாம். அம்மாவுக்கு ஒரு ரூபாய் கொடுக்காமல் இருக்கலாம். ஆனால் ரேஷன் கார்டில் அவன் பெயரும் இருந்தால் காகிதத்தில் அந்த அம்மாவுக்கு ஆதரவு இருக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், விசாரணையில் பல அம்மாக்கள் மகனை விட்டுக் கொடுப்பதில்லை. “நல்லாத்தான் பாத்துக்கறான்” என்பார்கள். தெருவில் நாலு பேர் நிற்கும்போது பெத்த பிள்ளையைப் பற்றி வேறென்ன சொல்வார்கள்? அந்த ஒரு வார்த்தை போதும், மனு காலி. தனியாக உட்கார வைத்து விசாரித்தால் பதில் வேறாக இருக்கும். அதற்கு எந்த அதிகாரிக்கு நேரம்?

பணம் எவ்வளவு, கொடுப்பது யார்?

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை ஆரம்பித்தது 1962 ஏப்ரலில், காமராஜர் ஆட்சியில். மாதம் 20 ரூபாய். 2011 மே மாதம் ஜெயலலிதா முதல்வர் ஆனதும் போட்ட முதல் உத்தரவுகளில் 500 ரூபாயை 1,000 ஆக்கியதும் ஒன்று. அதன்பிறகு 12 வருஷம் அதே ஆயிரம்தான். மு.க.ஸ்டாலின் ஆட்சியில் 2023 ஆகஸ்ட்டில் 1,200 ஆனது. அந்த 12 வருஷத்தில் தாம்பரத்தில் ஒரு ரூம் வாடகை எங்கே போய் நின்றது என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து ஆந்திராவில் 2024 ஜூலையில் இதே உதவித்தொகையை 4,000 ஆக்கினார்கள்.

மத்திய அரசின் பங்கைப் பார்த்தால் இன்னும் பரிதாபம். 1995 ஆகஸ்ட் 15-ல் தேசிய முதியோர் ஓய்வூதியம் தொடங்கியபோது டெல்லி கொடுத்தது 75 ரூபாய். 2006-07-ல் 200 ஆக்கினார்கள். 80 வயது தாண்டியவர்களுக்கு 2011-ல் இருந்து 500. மற்றவர்களுக்கு அந்த 200 அப்படியே நின்றுவிட்டது. அதாவது 1,200 ரூபாயில் 1,000 மாநிலத்தின் பணம்.

மத்திய அரசு இன்னொரு கட்டையும் போட்டிருக்கிறது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை பேருக்குத்தான் பணம் தருவேன் என்று உச்சவரம்பு. அதற்கு மேல் ஒருத்தர் சேர்ந்தாலும் முழுச் சுமையும் மாநிலத்துக்கு. தகுதி இருந்தும் ‘பார்க்கலாம், ஒதுக்கீடு வரட்டும்’ என்ற பதில் எங்கிருந்து பிறக்கிறது என்பதை இங்கிருந்து புரிந்து கொள்ளலாம். 2001 நவம்பர் 28-ல், உணவு உரிமை வழக்கில், இந்த ஓய்வூதியத்தை மாதம் 7-ம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்டது. கொடுக்கும் தேதிக்குக் கெடு வந்தது, சரி. மனு போட்டவர்கள் எத்தனை நாள் காத்திருப்பது?

ஆயிரம் ரூபாய் சொன்ன பாடம்

மகளிர் உரிமைத் தொகை விஷயத்தில் கதை வேறு மாதிரி நடந்தது. 2023 செப்டம்பர் 15-ல் காஞ்சிபுரத்தில் ஸ்டாலின் தொடங்கி வைத்தார். அதற்கு முன்பே ரேஷன் கடைக்காரர்கள் வீடு வீடாகப் போய் டோக்கனும் விண்ணப்பமும் கொடுத்தார்கள். முகாமில் பதிவு. சுமார் 1 கோடியே 63 லட்சம் பேர் மனு போட்டார்கள். 1 கோடியே 6 லட்சத்து 50 ஆயிரம் பேருக்குக் கிடைத்தது. மீதி 56 லட்சம் பேருக்கு இல்லை.

இத்தனை மனுவையும் ஒரு வி.ஏ.ஓ.வும் ஆர்.ஐ.யும் உட்கார்ந்து படிக்க முடியாது. அரசிடம் இருக்கும் கணக்குகளோடு ஒப்பிட்டுத்தான் வடிகட்டினார்கள். குடும்ப வருமானம் வருஷத்துக்கு இரண்டரை லட்சத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வீட்டு கரண்ட் வருஷத்துக்கு 3,600 யூனிட்டைத் தாண்டக் கூடாது. சொந்தமாகக் கார் இருக்கக் கூடாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் தாம்பரம் பக்கத்து வாடகை வீட்டுக்கு இந்த கரண்ட் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரே மீட்டரில் மூணு போர்ஷன். ஒவ்வொரு குடும்பமும் ரெண்டு மாசத்துக்கு 220 யூனிட் எரிக்கிறது. ஒரு ஃபேன், ஒரு டி.வி., ஒரு ஃபிரிட்ஜ் இருந்தாலே வந்துவிடும். மூணும் சேர்ந்தால் 660. வருஷத்துக்கு 3,960. மூணு வீட்டு அம்மாவும் அதே மீட்டர் நம்பரை எழுதிக் கொடுத்திருந்தால் கம்ப்யூட்டர் கண்ணுக்கு மூணு பேரும் வசதியானவர்கள். கூட ரெண்டு ஏ.சி. ஓடும் மாடி வீட்டுக்காரரும் அதே மீட்டர் என்றால் கேட்கவே வேண்டாம்.

வருமானக் கணக்கிலும் இதே மாதிரி. வண்டி லோன் வாங்க ஏஜெண்ட் சொன்னார் என்று புருஷன் 3 லட்சம் வருமானம் காட்டி ரிட்டர்ன் போட்டிருந்தால், பொண்டாட்டியின் ஆயிரம் ரூபாய்க்கு அதுவே வேட்டு.

ஒரு நல்ல காரியத்தைச் சொல்லியாக வேண்டும். அந்தத் திட்டத்தில் மேல்முறையீடு இருந்தது. காரணத்தை எஸ்.எம்.எஸ்.சில் சொல்வோம், 30 நாளைக்குள் இ-சேவை மையம் மூலம் ஆர்.டி.ஓ.வுக்கு அப்பீல் போடலாம், 30 நாளில் முடிவு என்றார்கள். எஸ்.எம்.எஸ். பழைய நம்பருக்குப் போன கூத்தெல்லாம் நடந்தது. ஆனாலும் 2023 நவம்பரில் 7 லட்சத்து 35 ஆயிரம் பேர் கூடுதலாகச் சேர்ந்தார்கள். நிராகரித்த 56 லட்சத்தோடு ஒப்பிட்டால் எட்டில் ஒரு பங்குக்கு மேல். முதல் வடிகட்டலை அப்படியே வேதவாக்காக எடுத்துக் கொண்டிருந்தால் இத்தனை பேர் வெளியே நின்றிருப்பார்கள்.

விதிகளும் மாறின. மாமியாருக்கு ஓ.ஏ.பி. பணம் வந்தால் மருமகளுக்கு உரிமைத் தொகை இல்லை என்று முதலில் இருந்தது. 2023 ஆகஸ்ட்டில் அதைத் தளர்த்தி மூணு நாள் சிறப்பு முகாம் வைத்தார்கள். அரசு மானியத்தில் வண்டி வாங்கியவர்கள் வீட்டுக்கு 2025-ல்தான் வழி பிறந்தது. அந்த வருஷம் ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாம்களில் மறுபடி மனு வாங்கி, டிசம்பர் 12-ல் மேலும் சுமார் 16 லட்சத்து 94 ஆயிரம் பேரைச் சேர்த்தார்கள். மொத்தம் 1 கோடியே 30 லட்சம். இதில் 2023-லேயே தகுதியோடு இருந்தவர்களுக்கு ரெண்டு வருஷப் பணம் போனது போனதுதான்.

கம்ப்யூட்டர் கணக்கை மட்டும் நம்பி மாட்டிக் கொண்டது நம்ம ஊர் மட்டும் இல்லை. தெலுங்கானாவில் 2016-ல் இருந்து சுமார் 19 லட்சம் ரேஷன் கார்டுகளை ரத்து செய்தார்கள். கார் வைத்திருக்கிறார்கள் என்று தப்பாகக் காட்டி ஏழை வீட்டு கார்டும் போனது. கடைசியில் 2022 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு, வீட்டுக்குப் போய் நேரில் சரிபாருங்கள் என்று சொல்ல வேண்டி வந்தது. ஆஸ்திரேலியாவில் சராசரி வருமானத்தை வைத்து ஏழைகளுக்குக் கடன் நோட்டீஸ் அனுப்பினார்கள். அது சட்டவிரோதம் என்று ஆகி, 2023-ல் விசாரணைக் கமிஷன் அறிக்கையே வந்தது.

வீடு மாறினால் வினை

தென்சென்னைப் புறநகரில் இன்னொரு தலைவலி, ஜனங்கள் ஒரு இடத்தில் இருப்பதில்லை. வாடகை ஏறினால் பம்மலில் இருந்து பொழிச்சலூர், அங்கிருந்து படப்பை. 2025 மே மாதம் அனகாபுத்தூரில் அடையாற்றங்கரை வீடுகளை இடித்து, குடும்பங்களை வாரியக் குடியிருப்புகளுக்கு அனுப்பினார்கள். தாலுகா மாறினால் ரேஷன் கார்டு முகவரி மாற வேண்டும், ஆதார் மாற வேண்டும், உதவித்தொகை ஃபைலும் ஒரு தனி தாசில்தாரிடம் இருந்து இன்னொருவருக்கு மாற வேண்டும். இதில் ஒன்று பின்தங்கினாலும் அடுத்த விசாரணையில் ‘முகவரியில் இல்லை’தான். தோல் ஷெட்டிலும் கல்குவாரியிலும் உழைத்துத் தேய்ந்த விரலுக்குக் கைரேகை மெஷின் மசியாது என்பது தனிக் கதை.

மனு போட்டவர்கள் என்ன செய்யலாம்?

ஒப்புகைச் சீட்டு நம்பரை எழுதி வைத்துக் கொள்ள வேண்டும். மனுவில் இ-சேவைக்காரர் நம்பரோ, பேரன் எப்போதோ மாற்றிய சிம் நம்பரோ இருக்கக் கூடாது. ஒரு மாசம் ஆகியும் விசாரணைக்கு யாரும் வராவிட்டால் வி.ஏ.ஓ.வை நேரில் பார்த்து, வீட்டில் இருக்கும் நேரத்தைச் சொல்லிவிட்டு வருவது நல்லது. மகன் பணம் கொடுப்பதில்லை என்றால் அதை வெட்கப்படாமல் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

ரிஜெக்ட் ஆனால் காரணத்தை எழுத்தில் கேட்கலாம். ‘வாயில சொன்னாங்க’ என்பது எங்கேயும் செல்லாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், தாலுகா ஆபீஸ் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, ‘என் மனுவின் மீது வி.ஏ.ஓ., ஆர்.ஐ. எழுதிய அறிக்கை நகல் வேண்டும்’ என்று ஒரு வரி எழுதினால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். வறுமைக்கோட்டுப் பட்டியலில் இருப்பவர்களுக்கு அந்த 10 ரூபாயும் கிடையாது. அறிக்கையில் என்ன தப்பு என்று தெரிந்தால் அதற்கான பேப்பரை வைத்து தாம்பரம் ஆர்.டி.ஓ.விடமோ, திங்கட்கிழமை செங்கல்பட்டு கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளிலோ மனு கொடுக்கலாம். 2019 நவம்பர் வரை இதற்குக் காஞ்சிபுரம் போக வேண்டியிருந்தது. இப்போது தாம்பரத்தில் எலெக்ட்ரிக் டிரெயின் ஏறினால் நேராக செங்கல்பட்டு. கொடுத்த மனுவுக்கும் ஒரு நம்பர் தருவார்கள். அதையும் அந்த மஞ்சப்பையில் போட்டு வைக்க வேண்டும்.