ஆன்லைன் ஏலத்துக்குப் போயும் அதே விலைதானா?

“மூன்று ஏக்கரில் மணிலா போடுகிறோம். ஆன்லைன் ஏலத்தில் வெளியூர், வெளிமாநில வியாபாரிகளும் விலை கேட்பார்கள் என்றார்கள். நம்பி இரண்டு முறை கமிட்டிக்குக் கொண்டுபோனேன். முதல் முறை 18 மூட்டை. விலை கேட்டவர்கள் எல்லாம் பழைய ஆட்கள்தான். பணம் வர ஒன்பது நாள் ஆனது. ஊர் வியாபாரி களத்திலேயே பணம் கொடுக்கிறார், விதைப்புக்குக் கைமாற்றும் தருகிறார். இனி கமிட்டிக்குப் போவதில் அர்த்தம் இருக்கிறதா?”

- பெயர் வெளியிட விரும்பாத வட மாவட்டத்து வாசகர்

இந்தச் சலிப்பு இந்த ஒரு வாசகருக்கு மட்டும் உரியதல்ல. கோபத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனால், கோளாறு எந்த இடத்தில் என்று தெரிந்தால்தான் அடுத்த போகத்து மகசூலை எங்கே விற்பது என்று முடிவு செய்ய முடியும்.

இ-நாம் எனப்படும் தேசிய மின்னணு வேளாண் சந்தை, 2016 ஏப்ரல் 14-ம் தேதி 8 மாநிலங்களில் 21 விற்பனைக்கூடங்களோடு தொடங்கியது. 2018-ல் அது 585 ஆனது. 2020 மே மாதம் 1,000-ஐத் தொட்டது. விற்பனைக்கூடத்துக்குக் கம்ப்யூட்டரும் இணைய வசதியும் கொடுப்பது அரசால் ஆகிற காரியம். வாங்க வருகிற ஆளைப் பெருக்குவது அப்படியல்ல. ஏலத்தில் விலையை ஏற்றுவது போட்டிதான், கம்ப்யூட்டர் அல்ல. முன்பு துண்டுச்சீட்டில் விலை எழுதிப் பெட்டியில் போட்ட அதே ஐந்து பேர், இப்போது அதே கூடத்தில் நின்று செல்போனில் விலையைப் பதிகிறார்கள் என்றால், மாறியது சீட்டு மட்டுமே. டீக்கடையில் பேசி முடித்துக்கொண்டு வருகிறவர்களை எந்தச் செயலியாலும் தடுக்க முடியாது.

வெளியூர் வியாபாரி ஏன் கேட்பதில்லை? 300 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறவர் இடத்தில் இருந்து பாருங்கள். மணிலா வாங்குகிறவர் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் இருப்பதை எடுத்து, காதருகே குலுக்கி, நாலு காயை உடைத்துப் பார்த்துத்தான் விலை சொல்வார். திரையில் பார்க்கிறவருக்கு அதெல்லாம் கிடையாது. ஈரப்பதம் எவ்வளவு, பருப்பு எத்தனை சதவிகிதம் விழும், மண்ணும் தூசியும் எவ்வளவு என்று தரப் பரிசோதனை சொல்கிற விவரம்தான் அவருக்குக் கண். அந்தப் பரிசோதனை நடக்காமல் போனாலோ, கண்ணால் பார்த்து ஏதோ எழுதிப் பதிந்தாலோ அவர் அந்தக் குவியலைத் தொட மாட்டார். அப்படியே நம்பினாலும் 18 மூட்டைக்காக லாரி அனுப்ப முடியாது. ஏற்றிவிடவும் கணக்குப் பார்க்கவும் இங்கே அவருக்கு ஆள் வேண்டும். சிறு விவசாயியின் குவியல் சிறியது என்பதே ஆன்லைன் ஏலத்தில் அவருக்குப் பெரிய பாதகமாகிவிடுகிறது. இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை என்பதுதான் வருத்தம்.

பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. கர்நாடகம் 2014-லேயே தன் விற்பனைக்கூடங்களை ஒரே ஆன்லைன் ஏலத்தில் இணைக்கத் தொடங்கியது. அதை ஆராய்ந்து 2020-ல் வெளியான ஆய்வின்படி, நெல்லுக்குச் சுமார் 5 சதவிகிதமும், நிலக்கடலைக்கும் மக்காச்சோளத்துக்கும் சுமார் மூன்றரை சதவிகிதமும் விலை கூடியிருக்கிறது. பருத்தி, பச்சைப்பயறு, துவரைக்குக் குறிப்பிடும்படி எதுவும் கூடவில்லை. ஆக, ஆன்லைன் ஏலம் ஏமாற்று வேலை அல்ல. இரண்டு மடங்கு விலை தரும் மந்திரமும் அல்ல. ஒழுங்காக நடந்தால் நூறு ரூபாய்க்கு மூன்று, நான்கு ரூபாய் கூடுதலாகக் கிடைக்கலாம்.

இனி ஊர் வியாபாரியின் கணக்கு. அவர் களத்தில் பணம் கொடுப்பது உண்மை. மூட்டைக்குக் கழிவு என்று எவ்வளவு பிடிக்கிறார் என்பதை வாசகர் எழுதவில்லை. கிலோ 70 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மூட்டைக்கு 1 கிலோ கழித்தாலே 18 மூட்டைக்கு 1,260 ரூபாய் போய்விடும். கைமாற்றுக்கு வட்டி இல்லை என்று அவர் சொன்னாலும், ‘சரக்கு எனக்குத்தான்’ என்பதே அதற்கான வட்டி. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் விவசாயியிடம் கமிஷன் பிடிப்பதில்லை, சந்தைக் கட்டணம் வியாபாரியைச் சேர்ந்தது. இரண்டு இடத்துக் கணக்கையும், வண்டி வாடகை, போய்வரும் நாள்கூலி உட்பட, ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். வாடகையும் கூலியும் போக மிச்சம் இல்லையென்றால், தனியாகக் கொண்டுபோவதில் லாபம் இல்லை. அதை ஒப்புக்கொள்வதில் தவறும் இல்லை.

போவதானால், கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. காயை நன்றாகக் காயவைத்து, மண் நீக்கி, பொக்குக் காயைப் பிரித்துக் கொண்டுபோங்கள். நுழைவாயிலில் குவியல் எண் பதிந்த சீட்டை வாங்குங்கள். மாதிரி எடுத்துப் பரிசோதித்து, முடிவைப் பதிவேற்றிய பிறகே ஏலத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஏலம் முடிந்ததும் விலையை மட்டும் கேட்காமல், எத்தனை பேர் விலை கேட்டார்கள் என்றும் கேளுங்கள். இரண்டு பேர்தான் என்றால் அது ஏலமே அல்ல. விலை பிடிக்கவில்லையென்றால் மறுக்கும் உரிமை விவசாயிக்கு உண்டு. பலருக்கு இது தெரிவதில்லை. கிடங்கில் இருப்பு வைத்து, குறைந்த வட்டியில் பொருளீட்டுக் கடன் வாங்கும் வசதி இருக்கிறதா என்று விற்பனைக்கூடக் கண்காணிப்பாளரிடம் விசாரியுங்கள். கைமாற்றுக்காக வியாபாரியிடம் கட்டுப்பட்டிருப்பவர்களுக்கு, அந்தப் பிடியைத் தளர்த்த இது ஒரு வழி.

இன்னும் முக்கியமானது, தனியாகப் போகாதீர்கள். பக்கத்து நிலத்துக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து, ஒரே ரகத்தை ஒரே தரத்தில் ஒரு லாரி லோடாக வைத்தால்தான் வெளியூர்க்காரர் திரும்பிப் பார்ப்பார். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் தங்கள் சேகரிப்பு மையத்தில் இருந்தபடியே இ-நாமில் சரக்கைப் பதிந்து விற்க வழி இருக்கிறது. உங்கள் பகுதியில் அப்படி ஒன்று செயல்படுகிறதா என்று வேளாண் வணிகத் துறை அலுவலகத்தில் கேட்டறியலாம்.

ஒன்பது நாள் தாமதத்தை அப்படியே விடாதீர்கள். விற்பனைச் சீட்டைக் காட்டிக் கண்காணிப்பாளரிடம் எழுத்து மூலம் புகார் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பதிவின்போது கொடுத்த வங்கிக் கணக்கு, நிலுவைக் கடன் உள்ள கணக்காக இருந்தால் அதையும் அடுத்த விற்பனைக்கு முன்பே மாற்றிக் கொடுத்துவிடுங்கள்.