‘நம் வெயிலுக்கு இது ஆகாது’ என்பது சரியா?

திருப்பாலைக்குடிக் கரையில் மீனையும் நண்டையும் ஐஸ் பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினம், இராமநாதபுரம் என்று விரையும் சிறு சரக்கு வண்டிகளைப் பற்றி, ஓட்டுநர்களிடமும் பட்டறைகளிலும் ஒரு கருத்து முடிந்த முடிவாகப் புழங்குகிறது. வண்டி நின்றதும் எஞ்சின் தானாக அணைந்து, கிளட்சை மிதித்ததும் தானாகக் கிளம்பும் ஸ்டார்ட்-ஸ்டாப் ஏற்பாடு குளிர் நாட்டுக்காரர்கள் தங்களுக்காகச் செய்துகொண்டது. நம் வெயிலுக்கு ஆகாது. பேட்டரியைத் தின்னும், செல்ஃப் மோட்டாரை அழிக்கும், டர்போவைக் கருக்கும். கோடை வந்தால் வேலையும் செய்யாது. ஆகவே வண்டி எடுத்த வாரத்திலேயே ஒயரைப் பிடுங்கிவிடுவதுதான் புத்தி என்பது அந்தக் கருத்து. இதன் ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் உண்மை ஒட்டிக்கொண்டிருப்பதால்தான் இது இத்தனை நாள் நிலைத்திருக்கிறது. ஆனால் மொத்தத்தில் பழி தவறான இடத்தில் விழுகிறது. அப்படி விழுவதால் பேட்டரிக்கு மேல் பேட்டரி வாங்கிக் காசை இழப்பவர் வண்டிக்காரர்தான்.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். 12 வோல்ட் பேட்டரியும் வலுவான செல்ஃப் மோட்டாரும் கொண்டு, எஞ்சினை அணைத்துக் கிளப்புவதை மட்டும் செய்வது மைக்ரோ ஹைபிரிட். மகிந்திரா நிறுவனம் 2008 வாக்கில் பொலேரோவில் கொண்டுவந்தது இதுதான். பிறகு அதன் சிறு சரக்கு வண்டிகள் சிலவற்றிலும் வந்தது. மைல்ட் ஹைபிரிட் இன்னும் ஒரு படி மேலே: பெல்ட்டில் சுழலும் ஒரே மோட்டார் எஞ்சினைக் கிளப்பும், வேகமெடுக்கையில் தோள் கொடுக்கும், பிரேக் போடும்போது மின்சாரத்தைத் திரும்பப் பிடித்துத் தரும். மாருதி 2015இல் சியாஸ், எர்டிகா டீசல் கார்களில் இதை 12 வோல்ட்டில் தொடங்கியது. டொயோட்டா தன் ஹைலக்ஸ் பிக்கப்பில் 48 வோல்ட் லித்தியம் பேட்டரியுடன் இதைத் தருகிறது. 2025 ஜூனில் இந்தியாவில் ஃபார்ச்சூனருக்கும் வந்துவிட்டது. வெயில் இரண்டையும் ஒரே விதமாகத் தொடுவதில்லை. அதை மறந்துவிட்டுப் பேசுவதே பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

குளிர் நாட்டுக் கருவி என்ற வாதத்தைக் கொஞ்சம் உரசிப் பார்த்தாலே அது தலைகீழாகிவிடுகிறது. எஞ்சினை அடிக்கடி கிளப்புவதற்கு உண்மையான பகை குளிர்தான். உறைநிலைக்குக் கீழே எஞ்சின் ஆயில் கெட்டியாகிச் சுழற்றவே கூடுதல் விசை கேட்கும். அதே நேரத்தில் ஈய-அமில பேட்டரியின் வலு பாதியளவுக்குச் சரிந்துவிடும். டீசலோ, அழுத்தத்தில் பிறக்கும் சூட்டை நம்பியே பற்றிக்கொள்வது. இராமநாதபுரத்துக் கடையில் வாங்கும் பேட்டரியின் மேல் கிளப்பும் திறன் என்று அச்சிட்டிருக்கும் ஆம்பியர்கூட, பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் சோதித்துக் கண்ட அளவு. நம் ஊரில் சூடாக நிற்கும் எஞ்சின் ஒரு சுற்று, இரண்டு சுற்றில் பிடித்துக்கொள்ளும். ஐரோப்பாவில் தை, மாசியில் எஞ்சின் போதிய சூடேறும் வரை பல கிலோமீட்டர் தூரம் ஸ்டார்ட்-ஸ்டாப் காத்திருக்க வேண்டும். பாக் நீரிணைக் கரையில் அந்தக் காத்திருப்பு மிகக் குறைவு. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வெக்கையில் ஓடுவதற்கென்று தாய்லாந்தில் செய்யப்படும் ஹைலக்ஸில் 48 வோல்ட் ஏற்பாட்டைப் பொருத்தி 2024இல் விற்கத் தொடங்கினார்கள். வெயில் நாட்டுக்கு ஆகாத பொருளாக இருந்தால் அந்த வண்டியைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள்.

கோடையில் வேலை செய்வதில்லை என்பது அடுத்த குற்றச்சாட்டு. கவனிப்பு சரி, முடிவுதான் தவறு. ஒவ்வொரு முறை வண்டி நிற்கும்போதும் கட்டுப்பாட்டுக் கருவி ஒரு கேள்விப் பட்டியலைப் பார்க்கிறது: பேட்டரியில் சார்ஜ் போதுமா, பேட்டரியின் சூடு எல்லைக்குள் இருக்கிறதா, ரேடியேட்டர் தண்ணீர் கொதிநிலைப் பக்கம் போகிறதா, ஏசி கேட்ட குளிர்ச்சி கிடைத்ததா, பிரேக்குக்கு வேண்டிய வெற்றிடம் உண்டா, புகை வடிகட்டி அந்த நேரத்தில் தன்னை எரித்துச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறதா. ஒன்றுக்குப் பாதகமான பதில் வந்தாலும் எஞ்சினை அணைக்காது. சித்திரை, வைகாசி நண்பகலில் இந்த விடைகளில் ஒன்றிரண்டு எதிராக வருவது இயல்பு. 48 வோல்ட் வண்டிகளில் இது இன்னும் கண்டிப்பானது. லித்தியம் செல்கள் ஏறக்குறைய மனிதர்களுக்கு இதமான சூட்டையே விரும்புபவை. அதற்கு மேலே போகப் போக, பிரேக்கிலிருந்து வரும் மின்சாரத்தை வாங்கும் அளவைக் கருவி குறைத்துக்கொண்டே வந்து, ஓர் எல்லையில் நிறுத்திவிடும். செல்லின் ஆயுளைக் காக்க மைலேஜைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் முடிவு அது. கெட்டுப்போன கருவிக்கும் ஒதுங்கி நிற்கும் கருவிக்கும் வேறுபாடு தெரியாமல் போவதற்கு ஓட்டுநரைக் குறை சொல்ல முடியாது. பல வண்டிகளில் ஒரு சின்ன விளக்கு மஞ்சளாக எரிவதோடு சரி, எதனால் அணைக்கவில்லை என்று சொல்வதேயில்லை. அந்தக் குறை தயாரிப்பாளர்களுடையது.

இனி பேட்டரி. இந்த வாதத்தின் முதுகெலும்பே அதுதான் என்பதால் சற்று நின்று பார்க்கத் தகும். ஈய-அமில பேட்டரியை வெயில் கொல்கிறது என்பது முழு உண்மை. சுமார் 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பேட்டரித் துறையில் எல்லோரும் கையாளும் கணக்கு. தகட்டின் ஈயச் சட்டம் அரிக்கும், தண்ணீர் ஆவியாகும். பானட்டுக்குள் காற்றோட்டமில்லாமல் நிற்கும்போது பேட்டரியைச் சுற்றியுள்ள சூடு வெளிக்காற்றைவிட மிக அதிகம். ஆனால் இந்தச் சாவு ஸ்டார்ட்-ஸ்டாப் உள்ள வண்டிக்கும் இல்லாத வண்டிக்கும் பொது. அப்படியென்றால் ஸ்டார்ட்-ஸ்டாப் தன் பங்குக்கு என்ன கூட்டுகிறது? அடிக்கடி செல்ஃப் அடிப்பதுதான் பேட்டரியை இறக்குகிறது என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். சூடான எஞ்சினைக் கிளப்ப 200 ஆம்பியர் மின்சாரம் ஒரு நொடி ஓடியது என்று வைத்தாலும் செலவு 2,000 ஜூல் அளவே. எஞ்சின் அணைந்திருக்கும் ஒரு நிமிடத்தில் ஹெட்லைட், காற்றாடி, பாட்டு எல்லாம் சேர்த்து 20 ஆம்பியர் இழுத்தால் அது சுமார் 15,000 ஜூல். பேட்டரியைக் களைக்க வைப்பது கிளப்பும் நொடி அல்ல, நிற்கும் நிமிடம். நாள் முழுவதும் கொஞ்சம் இறங்கி, கொஞ்சம் ஏறி, மீண்டும் இறங்கும் இந்த ஓயாத உழைப்புக்குத்தான் இஎஃப்பி, ஏஜிஎம் என்ற தனி வகைப் பேட்டரிகள் செய்யப்படுகின்றன. சாதாரணப் பேட்டரி ஒரே மூச்சில் எஞ்சினைக் கிளப்பிவிட்டு முழு சார்ஜில் ஓய்ந்திருக்கப் பிறந்தது.

நடப்பது என்னவென்றால், கம்பெனி பொருத்திய இஎஃப்பி பேட்டரி தன் காலம் முடிந்து இறங்கியதும், அதே அளவில் விலை குறைந்த சாதாரணப் பேட்டரியைக் கடையில் மாட்டிவிடுகிறார்கள். பெட்டியின் உருவம் ஒன்று, ஆம்பியர் ஒன்று, விலை குறைவு. யாருக்குத்தான் வாங்கத் தோன்றாது? அது சீக்கிரமே படுத்துவிடும்போது பழி வெயில் மேலும் ஸ்டார்ட்-ஸ்டாப் மேலும் விழுகிறது. இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: விலை உயர்ந்தது எதற்கும் நல்லது என்று ஏஜிஎம் வாங்கிப் பானட்டுக்குள் வைப்பது. ஏஜிஎம் வறண்டால் தண்ணீர் ஊற்ற வழியில்லை. கொதிக்கும் பானட்டுக்குள் அது இஎஃப்பி அளவுக்குத் தாங்குவதில்லை. மாருதி தன் பிந்தைய வண்டிகளில் லித்தியம் பேட்டரியைப் பானட்டுக்கு வெளியே, முன் இருக்கைக்கு அடியில் வைத்ததையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். பேட்டரி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதே அதன் ஆயுளில் பெரும்பகுதியைத் தீர்மானிக்கிறது.

வெயிலைப் பற்றி மட்டுமே பேசிப் பேசி, இந்தக் கரைக்கு உரிய இன்னொரு பகையை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அது உப்பு. திருத்தணியோ வேலூரோ 40 டிகிரியைத் தாண்டித் தகிக்கும் நாட்களில், கடற்காற்று புகுந்ததும் இந்தக் கரையில் வெப்பமானி அவ்வளவு ஏறுவதில்லை. ஆனால் அந்தக் காற்றிலேயே உப்பு இருக்கிறது. ஐஸ் உருகி மீன் பெட்டியிலிருந்து வடியும் உப்புநீர் சேஸ் முழுக்க ஊறுகிறது. பேட்டரியின் எதிர்முனையிலிருந்து சேஸுக்குப் போகும் எர்த் ஒயரின் முனை பச்சை பூத்து அரித்துப்போகிறது. சாதாரண வண்டியில் அது செல்ஃப் சற்று மந்தமாகச் சுற்றுவதோடு போய்விடும். ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டியில் எதிர்முனையில்தான் பேட்டரியின் மின்னோட்டத்தையும் அழுத்தத்தையும் சூட்டையும் அளக்கும் சென்சார் உட்கார்ந்திருக்கிறது. முனை அரித்தால் அளவுகள் தவறும். கருவி நல்ல பேட்டரியை நோயாளி என்று எண்ணி ஒதுங்கும், அல்லது நோயாளியை நல்லது என்று நம்பி எஞ்சினை அணைத்துவிடும். கூடுதல் விளக்கு, ஹாரன், பாட்டுப்பெட்டி ஆகியவற்றின் எர்த்தைச் சென்சாரைத் தாண்டி நேரே பேட்டரி முனையில் கட்டுவதும் இதே கேட்டைச் செய்யும்: அந்தச் செலவு கருவியின் கணக்கிலேயே வராது. வெயிலால் வந்தது என்று சொல்லப்படும் கோளாறில் இப்படி முளைப்பதும் உண்டு. அதைச் சரிசெய்ய ஒரு ஸ்பேனரும் உப்புத்தாளும் கொஞ்சம் கிரீஸும் போதும்.

செல்ஃப் மோட்டார் தேய்ந்துவிடும் என்ற அச்சத்தைச் சீக்கிரம் கடந்துவிடலாம். இந்த வண்டிகளின் மோட்டார், பல் சக்கரம், பிரஷ் எல்லாம் சாதாரண வண்டியைவிடப் பல மடங்கு தடவை கிளப்புவதற்கென்று செய்யப்பட்டவை. பெல்ட் மோட்டார் உள்ளவற்றில், சூடான எஞ்சினைக் கிளப்பும்போது பல் கோக்கும் வேலையே இல்லை. சில நொடி அணைந்து மீண்டும் கிளம்பும் சூடான எஞ்சினில் பேரிங்கின் மேல் ஆயில் படலம் வடிந்துபோவதில்லை. தேய்மானத்தின் பெரும்பகுதி காலையில் முதல் முறை கிளப்பும்போது நேர்வது. டர்போ விஷயம் அப்படித் தள்ளக்கூடியதல்ல. தொண்டியிலிருந்து முழு லோடோடு விரைந்து வந்து சட்டென்று நிற்கும் வண்டியில் எஞ்சின் அணைந்தால், சூடேறிய டர்போ தண்டில் ஆயில் ஓட்டம் நின்று, அங்கே தங்கிய ஆயில் கரியாகப் படியலாம். பழைய ஓட்டுநர்கள் அணைப்பதற்கு முன் சிறிது நேரம் ஐடிலில் விடச் சொன்னது சரியான அறிவு. ஆனால் டீசல் புகையின் சூடு பெட்ரோலைவிடக் குறைவு என்பதும், தண்ணீர் மிஞ்சிச் சூடேறினால் கருவியே அணைக்காது என்பதும் ஒருபுறம் இருக்க, கியர் வண்டியில் கட்டுப்பாடு ஓட்டுநரின் காலில் இருக்கிறது. நியூட்ரலுக்கு வந்து கிளட்சை விட்டால்தான் எஞ்சின் அணையும். அந்த ஓர் இடத்தில் மட்டும் காலை எடுக்காமல் இருந்தாலோ, பொத்தானை அழுத்தி நிறுத்திவைத்தாலோ போதும். அதற்காக ஆண்டு முழுவதற்கும் ஒயரைப் பிடுங்க வேண்டியதில்லை.

எஞ்சினை ஓடவிடுவதே அதைக் காக்கும் என்ற நம்பிக்கைக்கும் பதில் சொல்ல வேண்டும். ஐடிலில் நிற்கும் சிறு சரக்கு வண்டி மணிக்கு 0.7 லிட்டர் டீசல் குடித்தால், அது கிட்டத்தட்ட 7 கிலோவாட் வெப்பம். ஏழு இஸ்திரிப் பெட்டிகளைச் சேர்த்துப் போட்டதுபோல அவ்வளவும் பானட்டிலும் புகைக்குழாயிலுமே வெளியேற வேண்டும். நிற்கும் வண்டிக்கு எதிர்க்காற்றும் கிடையாது. பேட்டரியை வேக வைப்பதில் இதற்குப் பங்கில்லையா? 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் இன்னொரு கேடும் சேர்கிறது: நீண்ட ஐடிலில் புகை சூடு குறைவாக இருப்பதால் வடிகட்டியில் கரி எரியாமல் சேரும்.

ஏசி பற்றிய புகார் நியாயமானது. கம்ப்ரசர் எஞ்சின் பெல்ட்டில் ஓடும் வண்டியில், எஞ்சின் நின்றால் குளிர்ச்சியும் நிற்கும். கடற்கரையின் ஈரக்காற்று அந்தக் குளிர்ச்சியை இன்னும் விரைவில் தின்றுவிடும். ஆனால் உள்ளே சூடேறியதும் கருவியே எஞ்சினைக் கிளப்பிவிடும் என்பதையும், இந்தச் சிறு வண்டிகளில் பலவற்றில் ஏசியே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஓட்டுநர் அறைக்கு ஏசி கட்டாயம் என்று 2025 அக்டோபர் 1 முதல் வந்த விதிகூட 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளுக்குத்தான். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தலைவர் லீ செல்டின் 2025 மே மாதத்தில், ஸ்டார்ட்-ஸ்டாப் எல்லோரும் வெறுக்கும் ஏற்பாடு என்று பேசியதை இங்கும் சிலர் எடுத்துக்காட்டுகிறார்கள். பிடிக்காமலிருப்பது ஒருவரின் உரிமை; அதனாலேயே அது எஞ்சினுக்குக் கேடு என்று ஆகிவிடாது.

மிச்சம் எவ்வளவு என்று கேட்டால், விளம்பரம் சொல்லும் அளவுக்கு எதிர்பார்க்கக் கூடாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நிற்கவே இடமில்லாமல் ஓடும் வண்டிக்கு இதனால் கிடைப்பது சொற்பம். கரையில் வலை பிரிக்கும்வரை காத்திருப்பது, இராமநாதபுரத்து நெரிசல், மதுரையின் சிக்னல்கள் என்று நாளொன்றுக்கு அரை மணி நேரம் நிற்கும் வண்டிக்கு 0.35 லிட்டர் மிஞ்சும். டீசல் 90 ரூபாய்க்கு மேல் விற்கையில் அது முப்பது ரூபாய் சொச்சம். ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் ஒன்பதாயிரத்தைத் தாண்டும். ஆகவே பேட்டரி மாற்றப் போகும்போது, விலையைக் கேட்பதற்கு முன் அதன் மேல் இஎஃப்பி என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்; பழையதைக் கழற்றும் அதே நேரத்தில் எர்த் ஒயரின் முனையையும் சுரண்டிக் கிரீஸ் தடவச் சொல்லுங்கள். வண்டி விற்கும் நிறுவனங்கள், எந்தச் சூட்டுக்கு மேல் எஞ்சினை அணைக்காது என்பதைத் தமிழில் அச்சிட்டுக் கையேட்டில் தர வேண்டும்.